ஒரு கண் மட்டும் தூங்கி எழுந்த கதை

பார்லர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, முதலில் கையிலிருக்கும் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். போனையும் வையுங்கள். நான் காசிமேட்டில் பார்லர் நடத்தி ஓய்ந்தவள். கடையை என் உதவியாளர் ரோசியிடம் ஒப்படைத்துவிட்டு இப்போது காலடிப்பேட்டையில் மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருப்பவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும். உங்களில் பாதிப் பேர் செய்யும் வேலையைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் வருகிறது.

கண்ணுக்கடியில் கருப்பாக இருக்கிறது என்று ஒருத்தி வந்து உட்கார்ந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு கேள்வி கேட்பதில்லை. ஒரு ஃபேஷியல், ஒரு ஜெல், மேலே கெட்டியாகக் கன்சீலர், அடுத்த ஆளைக் கூப்பிடு. இது சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலை. அதற்குப் பார்லர் எதற்கு? பெயின்ட் கடையே போதும்.

அந்த இடத்துத் தோல் உடம்பிலேயே மெல்லியது. வெங்காயத்துக்குள் இருக்கும் சவ்வு மாதிரி. அங்கே கருப்பு தெரிய ஒரே காரணம் கிடையாது. சிலருக்கு அம்மா கொடுத்தது, அப்பா கொடுத்தது. நகை மாதிரி பரம்பரையாக வரும், கழற்ற முடியாது. சிலருக்குத் தூக்கம் கிடையாது. சிலருக்கு ரத்தம் போதாது. சிலருக்கு வயதாகிக் கன்னத்துச் சதை இறங்கி, கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கும். அது கருப்பே இல்லை, நிழல். நிழலுக்கு நீங்கள் கிரீம் தடவினால் நிழல் கேட்குமா? சிலர் ராத்திரி கருவாட்டுக் குழம்பை ஒரு கட்டு கட்டிவிட்டுக் காலையில் கண் வீங்கி வருவார்கள். உப்பு செய்த வேலை அது. குளிர்ந்த ஸ்பூனை வைத்து, கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினால் மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். அதற்கும் ஃபேஷியல் போட்டுவிடுகிறீர்கள், பாவிகளா.

எது எதனால் என்று பார்க்கத் தெரியாதவள் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. இதைச் சொல்வதற்குத்தான் பவானி கதையைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கல்யாண சீசன் என்றால் மீன்பிடித் தடைக்காலம். பெரிய போட்டெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அப்போதுதான் மாப்பிள்ளையே கையில் கிடைப்பான். அந்த இரண்டு மாதமும் என் கடையில் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு மத்தியானம் பவானி மாடிப்படி ஏறி ஓடி வந்தாள். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை செய்யும் பெண். இன்னும் பத்து நாளில் அவளுக்கும் டில்லி என்ற போட்டுக்காரப் பையனுக்கும் கல்யாணம்.

வந்ததும் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். "அக்கா, கயுவினாலும் போவாத மேக்கப்பு போடுக்கா."

"எதுக்குடி? கடல்ல குதிக்கப் போறியா?"

"அத்த ஈரத் துணி எத்துகினு வருதாம். என் மூஞ்ச தொடச்சிப் பாக்கப் போவுதாம்."

ரோசி குபீரென்று சிரித்துவிட்டாள். பவானி அழ ஆரம்பித்தாள். "சிரிக்காதக்கா. டில்லி போன எடுக்க மாட்டேங்குது. பத்திரிக ஊரு பூரா குட்த்தாச்சி. இது நின்னுபோச்சின்னா எங்கம்மா தெருவுல தல காட்ட முடியுமா?"

அந்த அத்தை, டில்லியின் அம்மா எல்லம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்பவள். அவள் மீன் வாங்கும்போது செதிலைப் பார்க்க மாட்டாள். செவுளைக்கூட அப்புறம்தான் பார்ப்பாள். முதலில் கண். கண் பளபளவென்று துருத்திக்கொண்டிருந்தால் அன்றைக்கு வந்த மீன். மங்கி உள்ளே போயிருந்தால் ஐஸில் கிடந்த மீன். வருஷக்கணக்காக இப்படியே பார்த்துப் பழகியவள், மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள். கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பாள்.

நிச்சயதார்த்தத்தன்று பவானிக்கு வேறு ஏதோ கடையில் மேக்கப். கண்ணுக்கடியில் இட்லி மாவு மாதிரி பூசி அனுப்பியிருக்கிறார்கள். எல்லம்மாவுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. அதன் பிறகு ஒருநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கிய பவானியை வெறும் முகத்தோடு பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். பெண்ணுக்கு உள்ளே ஏதோ நோய் என்று முடிவு கட்டிவிட்டாள். ஐஸ் மீனைப் புது மீன் என்று தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இந்த மாதிரி சந்தேகம் மீன் விற்பவளுக்குத்தான் வரும். துடைத்துப் பார்க்கும் யோசனையும் அவளுக்குத்தான் வரும்.

நான் பஞ்சை நனைத்து பவானி முகத்திலிருந்த பவுடரை எடுத்தேன். உள்ளே பார்த்ததும் பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். கண்ணுக்கடியில் தோல் சிவந்து, ஓரங்களில் உரிந்து, வெந்த மாதிரி இருந்தது.

"இன்னாடி பூசினே?"

"போன்ல வீடியோவுல ஒரு பொண்ணு சொல்லிச்சிக்கா. எலுமிச்சம்பயத்தோட டூத்பேஸ்ட் கலந்து…"

"அப்பால?"

"ஃபேன்ஸி ஸ்டோர்ல ஒரு கிரீம். மொதல்ல நல்லா வெள்ளையாச்சி. அப்பால எரிய ஆரம்பிச்சிச்சி. எரிஞ்சா வேல செய்யுதுன்னு அர்த்தம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி."

அந்தப் பெண் மட்டும் அன்று என் கையில் கிடைத்திருந்தால் அவள் கண்ணுக்கடியில் நான் டூத்பேஸ்ட் பூசியிருப்பேன். கேட்டுக்கொள்ளுங்கள். சீக்கிரம் வெளுக்க வைக்கும் பெயர் தெரியாத கிரீமில் ஸ்டீராய்டு இருக்கலாம், பாதரசம் இருக்கலாம், என்ன கருமம் இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. முதலில் வெளுக்கும், பிறகு தோல் மெலியும், கடைசியில் முன்பைவிடக் கருக்கும். எலுமிச்சை ஊறுகாய்க்கு. டூத்பேஸ்ட் பல்லுக்கு. ப்ளீச்சைக் கண் பக்கம் கொண்டுபோகிறவளுக்கு இந்தத் தொழிலே வேண்டாம்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பவானி கேட்ட சரக்கு என் டிராயரில் இருந்தது. மழையில் நனைந்தாலும் போகாது. எல்லம்மாவின் ஈரத் துணி அதை ஒன்றும் செய்ய முடியாது. போட்டால் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் ராத்திரி அதை எடுக்க எண்ணெய் விட்டுத் தேய்க்க வேண்டும். வெந்த தோலில் தேய்த்தால் என்ன ஆகும்? நீர் கோத்து, வீங்கி, கல்யாணத்தன்று கண்ணே திறக்காது. போடாவிட்டால் கல்யாணம் நிற்கலாம். போட்டால் மணமேடையில் மானம் போகும்.

"போட மாட்டேன்," என்றேன்.

"அக்கா!"

"கத்தாத. போட மாட்டேன்னா மாட்டேன்."

"அப்ப ரோசி அக்கா போடட்டும்." ரோசி கை டிராயர் பக்கம் போனது. இரக்க குணம் அவளுக்கு. அந்தக் கையில் ஒரு அடி வைத்தேன். இரக்கத்தில் கெட்டுப்போன முகங்கள் கோபத்தில் கெட்டதைவிட அதிகம்.

இதற்கு நடுவில் நான் இன்னொன்றைக் கவனித்தேன். பவானி அழுகிறாள், பேசுகிறாள், மூக்கை உறிஞ்சுகிறாள். அப்போதெல்லாம் விரல் முட்டி தானாகக் கண்ணுக்குப் போய் கரகரவென்று கசக்குகிறது.

"இப்ப ஏன் கசக்கினே?"

"நான் எங்கக்கா கசக்கினேன்?"

"தோ, மறுபடியும்," என்றாள் ரோசி.

விசாரித்தால் விஷயம் வெளியே வந்தது. சின்ன வயதிலிருந்தே கண் அரிப்பு. கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போய் வருகிறாள்; கண்ணாடி போடுவதில்லை. யார்டில் புழுதி. நாள் முழுக்கக் கசக்குகிறாள், கசக்குவது அவளுக்கே தெரியவில்லை. மெல்லிய தோலை வருஷக்கணக்காக அப்படித் தேய்த்தால் கருக்காமல் என்ன செய்யும்? நைட் ஷிப்ட் வேறு. நீங்கள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கை என்ன செய்கிறது என்று பாருங்கள். பாதி பதில் கையில் இருக்கும்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஆளுக்கு முன்னால் மீன் வாசனை வந்தது.

"ஐயோ, அத்த!" என்று பவானி, முடி வெட்டும்போது போர்த்தும் துணியை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள்.

எல்லம்மா உள்ளே வந்தாள். இடுப்பில் செருகிய சேலை, தோளில் ஈரத் துண்டு. "எங்க அவ? வூட்டுக்குப் போனா இங்க கீறான்னாங்க. வெள்ளையடிச்சிக்க வந்துகினாளா?" நாற்காலியில் மூட்டை மாதிரி இருந்ததைப் பார்த்தாள். "ஏய், துணிய எடு."

"மாட்டேன் அத்த," என்றது துணி.

"மூஞ்ச மூடிகினு கூடையில கெடந்தா மீன நான் வாங்கிடுவனா? எட்றி!"

ரோசி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு முட்டியது, ஆனால் பத்திரிகை கொடுத்த கல்யாணம் அந்தத் துணிக்கு அடியில் இருந்தது. நானே துணியைக் கழுத்துவரை இழுத்து இறக்கினேன். மறைத்துக்கொண்டே இருந்தால் சந்தேகம்தான் பெருகும். வெறும் முகம், சிவந்த தோல், வெளிச்சத்தில்.

எல்லம்மா ஒரு அடி பின்னால் போனாள். "இன்னாடி இது, இப்பிடி வெந்து பூட்ச்சி?" குரலில் நிஜமான பயம் இருந்தது. உடனே சுதாரித்துக்கொண்டாள். "பாத்தியாம்மே? நான் சொன்னேன்ல, நோவு!"

"நோவு இல்ல எல்லம்மா. கண்ட கண்ட கிரீம பூசிக் கெடுத்துகினா. நீ ஊரு பூரா பேசினதுல பயந்து இன்னும் ரெண்டு தபா ஜாஸ்தி பூசிக்கீறா."

"அடியில கருப்பு கீதே, அது?"

பவானியின் இமையை மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினேன். உள்ளே சிவப்பாகத்தான் இருந்தது, வெளுத்திருக்கவில்லை. "ரத்தம் கம்மியா இல்லையான்னு டாக்டருதான் டெஸ்ட் எட்த்து சொல்லணும். நான் டாக்டரு இல்ல. ஆனா இந்தக் கருப்பு எங்கேர்ந்து வருதுன்னு நீயே பாரு. சும்மா அவ கையப் பாத்துகினே இரு."

மூவரும் பார்த்தோம். பவானி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எல்லம்மா என்னை ஏளனமாகப் பார்த்தாள். எனக்கே கொஞ்சம் வேர்த்தது. "டில்லிக்குப் புடிச்ச மீனு இன்னாடி?" என்று பேச்சுக் கொடுத்தேன். "சங்கரா," என்று சொல்லிக்கொண்டே கையை வெளியே எடுத்துக் கசக்கினாள் பாருங்கள், எல்லம்மா பாய்ந்து அந்தக் கையில் பட்டென்று போட்டாள். "கைய எட்றி! தோலே இல்ல, இதுல தேய்க்கிறா!"

அடித்த விதத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது. நோயாளி என்று நினைத்தால் தொட்டிருக்க மாட்டாள்.

ஆனாலும் விடவில்லை. "அப்ப நிச்சயத்தன்னிக்கி ஏன் மறைச்சாங்க? நல்ல சரக்க எவனாவது மறைப்பானா?"

"உனக்கு மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லியா?"

"என்கிட்ட இன்னா கீது?"

அவள் தோளைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து வளைய விளக்கைப் போட்டேன். அந்த விளக்கு யாருக்கும் தயவு காட்டாது. எல்லம்மா கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே பள்ளம், பள்ளத்துக்கு மேலே பை, எல்லாம் வெயிலில் கருத்தது.

"இன்னாம்மே, கண்ணாடில எங்கம்மா குந்திகினு கீது?" என்றாள்.

"உனக்கு நோவா?"

"விடிகாலைல ரெண்டு மணிக்கு எந்திரிக்கிறேன். வெயில்ல குந்தி விக்கிறேன். எனக்கு எங்கேர்ந்து நோவு?"

"அவளும் நைட்டு ஷிப்ட்டு பாத்துட்டுத்தான் வரா."

எல்லம்மா கண்ணாடிப் பக்கம் இன்னும் குனிந்தாள். "இத உன்னால மறைக்க முடியுமா?" என்றாள், மெதுவாக.

அவள் தோல் கெட்டியாக, காயமில்லாமல் இருந்தது. அவளுக்குப் போடலாம். பள்ளத்தின் கோட்டில் மட்டும் கருப்பை அடக்க ஆரஞ்சு நிறக் கிரீம் ஒரு துளி, மேலே அவள் நிறத்துக்குக் கன்சீலர், மோதிர விரலால் தட்டித் தட்டி. பையின் மேல் பூசக் கூடாது. பூசினால் பை இன்னும் பெரிதாகத் தெரியும். வயதான தோலில் பவுடரைக் கொட்டினால் வெடித்த வயல் மாதிரி ஆகும். கொஞ்சமாகப் போட்டு நிறுத்தத் தெரிய வேண்டும். வலது கண்ணை முடித்துவிட்டு, "பாரு" என்றேன்.

எல்லம்மா ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அதைத் திறந்து மற்றதை மூடிப் பார்த்தாள். மறுபடியும் மாற்றினாள். "அய்ய!" என்றாள். சிரித்தாள். இன்னொரு முறை மாற்றினாள். பவானிக்கு அழுகை நின்று வாய் பிளந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருவிலிருந்து ஒரு குரல்: "எல்லம்மாக்கா! ஃபைபர் போட்டுல வஞ்சிரம் எறங்கிகீது! ஜல்தி வா!"

தடை பெரிய போட்டுக்குத்தான், சின்ன ஃபைபர் போட்டு போகும்; ஆனாலும் தடைக்காலத்தில் வஞ்சிரம். யார் நிற்பார்கள்? எல்லம்மா துண்டை வாரிக்கொண்டு படியில் இறங்கிவிட்டாள்.

"அத்த! இன்னொரு கண்ணு!" என்று பவானி கத்தினாள். கத்தியவள் வெறும் முகத்தோடு, கழுத்தில் துணி பறக்க, பின்னாலேயே ஓடினாள். கல்யாணம் உண்டா இல்லையா என்று எல்லம்மா இன்னும் சொல்லவில்லையே. அவளைப் பிடிக்க நான் ஓடினேன். என் பின்னால் ரோசி, கையில் கன்சீலர் டப்பாவோடு. ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மீன்பாடி வண்டிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். தீ விபத்து என்று நினைத்திருப்பார்கள்.

ஏலத்தில் எல்லம்மா கையைத் தூக்கி நிற்கிறாள். எதிரே நின்ற மீன்காரப் பெண்கள் மீனை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"இன்னா எல்லம்மாக்கா, ஒரு கண்ணு தூங்கி எய்ந்துட்ச்சி, இன்னொண்ணு இன்னும் தூங்கல போல?"

"வலது பக்கம் பொண்ணு, எடது பக்கம் பொண்ணுக்கு ஆத்தா!"

"எந்தக் கண்ணால ஏலம் கேக்குற? கண்ணடிக்கிறியோன்னு ஏலக்காரரு பேஜாராயிட்டாரு பாரு!"

கூட்டமே சிரித்தது. ஏலக்காரர் விலை சொல்ல மறந்து நின்றார். எல்லம்மாவும் சிரித்துவிட்டாள். அப்போது ஒருத்தி பவானியைப் பார்த்தாள். சிவந்து உரிந்த முகம், கீழே கருவளையம். "இது யாருக்கா? மூஞ்செல்லாம் இப்பிடி கீது?"

சிரிப்பு நின்றது. நோயுள்ள பெண்ணைத் தள்ளப் பார்க்கிறார்கள் என்று எல்லம்மா சொன்னதைக் கேட்டவர்கள்தான் அங்கே நின்ற எல்லாரும். பவானி ரோசிக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். எல்லம்மா அவள் கையை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"எம் மருமவ. லாரிப் புயுதில போய்ட்டு வரா, கண்ணு அரிக்கிது. அவளும் ராவெல்லாம் கண்ணு முய்ச்சித்தான் சம்பாதிக்கிறா. இன்னா இப்போ?"

எல்லம்மா ஏலக்காரரிடம் திரும்பினாள். "நீ இன்னாய்யா வாயப் பொளந்துகினு நிக்கிற? வெலைய சொல்லு."

பேச்சில் அவள் அப்படித்தான். பின்வாங்கினேன் என்று சொல்ல மாட்டாள், தப்பு என்றும் சொல்ல மாட்டாள்.

மறுநாள் பவானியை அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். கூடப் போனது எல்லம்மா. டாக்டர் கிரீமை நிறுத்தச் சொன்னார்; அரிப்புக்கு மருந்து, கண்ணுக்குச் சொட்டு, வெயிலில் போனால் சன்ஸ்கிரீன், ஸ்கூட்டரில் கண்ணாடி. கருப்பு குறைய மாதக்கணக்கில் ஆகும், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். இந்த வாக்கியத்தை நீங்களும் சொல்லப் பழகுங்கள். லேசர், பீலிங், பள்ளத்தை நிரப்பும் ஊசி, எல்லாம் இருக்கிறது, டாக்டரிடம். பார்லரின் பின்னறையில் கண்ணுக்கடியில் ஊசி குத்துகிறவளைப் பார்த்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நேரில் வருகிறேன்.

கல்யாணத்தன்று தோல் ஆறியிருந்தது, ஆனால் புதுத் தோல். நான் கண்ணுக்கடியில் எதுவும் போடவில்லை. மற்ற இடத்தில் கொஞ்சம், உதட்டில் நல்ல நிறம், தலை நிறையப் பூ. கருவளையம் தெரிந்தது. பெண் அழகாக இருந்தாள். இரண்டும் சேர்ந்தே நடக்கும், யாரும் உங்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

எல்லம்மா தன் இரண்டு கண்ணுக்கும் போட்டுக்கொள்ள விடிகாலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஆல்பம் வந்தது. போட்டோக்காரர் நல்லது செய்வதாக நினைத்து எல்லார் கண்ணுக்கடியிலும் கம்ப்யூட்டரில் வெள்ளையாக்கிவிட்டார். எல்லம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். வழியில் என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டாள்.

"இது யாரு வூட்டுப் பொண்ணுய்யா? எம் மருமவ எங்க?"

"அதாம்மா அவங்க. கண்ணுக்குக் கீய கொஞ்சம் டச் பண்ணிக்கீறேன்."

"யாரக் கேட்டுப் பண்ணினே? அவ மூஞ்ச அவளுக்குத் திருப்பிக் குடு. கருப்பு எங்கெங்க இருந்திச்சோ அங்கங்க வை."

போட்டோக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சரி என்று தலையாட்டி, ஒவ்வொரு படமாகத் திறந்து, பவானியின் கருவளையத்தைத் திரும்ப வைத்துக்கொண்டே வந்தார். எல்லம்மா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தாள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. பவானியை முடித்துவிட்டு அவர் மௌஸை எல்லம்மா முகத்துக்கு நகர்த்தினார்.

எல்லம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்க இன்னா வேல உனக்கு? அது அப்பிடியே இருக்கட்டும்."